கோவிந்தாபுரம் பாதைக்கு மூன்றாவது எஞ்சின்

பூபதிராஜா எஞ்சின் வாங்குகிற லட்சணத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். அது கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற எஞ்சின். தண்டவாளமும் அதற்குள்தான். முதலமடை ஸ்டேஷனில் பெரிய பாதையை விட்டுப் பிரிந்து, மாந்தோப்பும் தென்னந்தோப்புமாக வளைந்து வளைந்து கோவிந்தாபுரம் எல்லைச் சாவடி வரைக்கும் வருகிற அந்தச் சின்ன ரயில்பாதை பூமியில் எங்கேயும் கிடையாது. ரயில் சிமுலேட்டர் என்கிற விளையாட்டுக்குள் மட்டும் உண்டு. அதில் எஞ்சின் வேண்டுமென்றால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், புத்தம் புதிதாகப் பளபளவென்று வந்து நிற்கும். மனுஷன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அவனுக்குப் பழசுதான் வேண்டும்.

"மாங்காயும் தேங்காய் நாரும் ஏத்தற குட்டிக் கம்பெனிக்குப் புது எஞ்சின் எவன் குடுப்பான்?" என்பான். "பெரிய ரயில்வே ஓட்டித் தேச்சது, பாக்டரிக்காரன் போதும்னு கழிச்சது, அதைத்தான் நாம வாங்க முடியும். அதுதானுங்க நியாயம்."

யாருக்கு நியாயம் என்று கேட்டால் பதில் இருக்காது. ஆனால் அந்த விஷயத்தில் அவனை அசைக்க முடியாது. தோப்பில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, கை கால் கழுவி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தானென்றால் அவன் விவசாயி அல்ல, ரயில் கம்பெனி முதலாளி. அதுவும் கையில் காசில்லாத முதலாளி.

எஞ்சினைத் தேர்ந்தெடுக்க அவன் வைத்திருந்த வழி, அவன் வீட்டார் சந்தையில் மாடு பிடிக்கிற வழி. பல்லைப் பார், சுழியைப் பார், நாலடி நடக்கவிட்டுப் பார். எல்லாவற்றுக்கும் முன்னால், இதை ஏன் விற்கிறீர்கள் என்று கேள். விற்கிற காரணம் தெரியாத மாட்டை அவன் வீட்டில் பிடித்ததில்லை. எஞ்சினுக்கும் அதே சட்டம்தான். இது எங்கே ஓடியது, எதற்காகக் கழித்தார்கள், எந்தச் சக்கரம் தேய்ந்தது, நம்முடைய லேசான தண்டவாளம் இதன் எடையைத் தாங்குமா, மாந்தோப்பு வளைவில் திரும்புமா, ஒன்று படுத்துக்கொண்டால் இன்னொன்றின் சாமான் இதற்குச் சேருமா. இத்தனைக்கும் பதில் கிடைத்தால்தான் அந்த எஞ்சின் கோவிந்தாபுரம் பாதைக்குள் நுழையும். முதல் எஞ்சின் ஒரு சிமெண்ட் ஆலை கழித்துவிட்டது. இரண்டாவது, துறைமுகத்தில் உப்புக்காற்று தின்ற ஒன்று. அந்த இரண்டாவதை ஏன் விற்றார்கள் என்று மனசுக்குத் திருப்தியாக ஒரு காரணம் கிடைக்கிற வரைக்கும் பல மாதம் ஒற்றை எஞ்சினையே வைத்து ஓட்டினான் மகராசன்.

இன்னொரு வழக்கத்தையும் மாட்டுச் சந்தையிலிருந்து கொண்டுவந்து சேர்த்தான். மாட்டை விற்கிறவர் தலைக்கயிற்றைக் கொடுக்க மாட்டார். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுபோக வேண்டும். பழைய கயிறும் கூடப் போனால் பட்டியின் செழிப்பு போய்விடும் என்று அந்தப் பக்கத்தில் நம்பிக்கை. அப்படியானால் எஞ்சினை விற்கிற கம்பெனியும் தன் பேர்ப்பலகையைக் கழற்றி வைத்துக்கொள்ளும்தானே என்றான் பூபதி. அதனால் அவன் பாதையில் ஓடுகிற ஒவ்வொரு எஞ்சினின் பக்கவாட்டிலும் பலகை இருந்த இடத்தில் நாலு போல்ட் ஓட்டை, நடுவில் வெயில் படாத பழைய பெயிண்ட் ஒரு கட்டமாக. உலகத்தில் வேறு எந்தச் சிமுலேட்டர்காரனும் இப்படிச் செய்ய மாட்டான்.

யோசனை எல்லாம் பூபதியுடையது. கை அவனுடையதல்ல. எஞ்சினை உருவமாகச் செய்கிற வித்தை அவனுக்கு வராது; ஒரு வட்டம் போடச் சொன்னால் பூசணிக்காய் போடுவான். அந்தக் கை அருண்பாண்டியினுடையது.

அருண்பாண்டி பள்ளிவாசல்காரன். அம்மா சாந்தம்மாள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். இவன் மூணாறு ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தான். வேலை ஓய்ந்த நேரத்தில் தானாகவே கற்றுக்கொண்டு கம்ப்யூட்டரில் எஞ்சின் செய்தான். என்ன கை அது! துருவை அவன் பூசினால் தொட்டால் விரலில் ஒட்டும் போல இருக்கும். ரயில் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருவரும் பழக்கமானார்கள். அண்ணே அண்ணே என்று உயிரை விட்டான். பூபதிக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை, அந்தக் குறையே தெரியாமல் போயிற்று.

எந்த அளவுக்கு என்றால், பூபதியின் மகள் யோகப்பிரியாவுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி தேவைப்பட்டது. பூபதியின் மனைவி கௌசிகாவுக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது. அவளுடைய பங்காளி வகையில் ஒருவரை உட்கார வைக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பூபதி கேட்கவில்லை. அருண்பாண்டியைப் புதுவேட்டி கட்டி உட்கார வைத்தான். மலையில் கொழுந்து பறிக்கிறவள் மகனை மாமன் மடியில் உட்கார வைத்துவிட்டான் என்று சொந்தக்காரர்கள் சிலர் பந்தியிலேயே முணுமுணுத்தார்கள். "சோத்தைத் திங்கறதுன்னா தின்னுங்க, இல்லாட்டி எந்திரிங்க" என்று பூபதி சொன்னது கோவிந்தாபுரம் முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து கௌசிகாவுக்கு அருண்பாண்டி வெறும் விருந்தாளி அல்ல, தம்பி.

பிறகுதான் மூன்றாவது எஞ்சின் வந்தது.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பழைய உர ஆலை மூடிக் கிடந்தது. அதன் மதிலுக்குள்ளே தனித் தண்டவாளத்தில் ஒரு குட்டி டீசல் எஞ்சின் புதருக்குள் நிற்கிறது என்று தேங்காய் லாரி ஓட்டுகிற ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். பூபதிக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. அங்கே காவலுக்கு இருந்த சென்னியப்பனைப் பிடித்து, ஊர் உறவெல்லாம் சொல்லி, எப்படியோ உள்ளே போய்விட்டான். நிஜ எஞ்சினை நேரில் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அதுதான் முதல் தடவை.

ஓட்டுநர் கூண்டுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. இரண்டு கொட்டு வாங்கினான். ஆனால் அந்தக் கொட்டைப் பற்றிப் பேசவே இல்லை. முகப்பில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பூசிய சந்தனமும் குங்குமமும் தட்டுத் தட்டாக ஏறிக் கெட்டிப்பட்டிருந்ததைப் பற்றித்தான் வாரக்கணக்கில் பேசினான். ஜன்னல் விளிம்பில் ஓட்டுநர்கள் முழங்கை வைத்து வைத்து ஒரு இடம் மட்டும் வழவழவென்று இருந்ததாம். டேப் வைத்து எஞ்சினை உச்சி முதல் பாதம் வரை அளந்தான். போட்டோ எடுத்துத் தள்ளினான். சென்னியப்பனைக் கேட்டான், இதை ஏன் விற்காமல் வைத்திருக்கிறார்கள் என்று.

"வாங்கறதுக்கு ஆளில்லீங்க தம்பி" என்றார் அவர். "உடைச்சுக் காயலாங்கடைக்குப் போடப் போறாங்க."

வாங்க ஆளில்லையா? பூபதிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வாங்குகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். உடைத்தாலும் இது ஓடும், என் பாதையில் ஓடும் என்று நினைத்தான். அடுத்த தடவை போனபோது அருண்பாண்டியையும் மலையிலிருந்து வரவழைத்துக் காட்டினான். இருவரும் எஞ்சினின் படிக்கட்டில் உட்கார்ந்து பொட்டலச் சோறு தின்றார்கள். போட்டோ இருந்த மெமரி கார்டைப் பூபதி அப்படியே தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டான். அதுதான் அவன் செய்த முட்டாள்தனம். அப்போது அது முட்டாள்தனம் என்று யார் நினைத்தார்கள்?

கொஞ்ச நாளில் எஞ்சினை உடைத்துவிட்டார்கள். அருண்பாண்டி கம்ப்யூட்டரில் அதைச் செய்ய ஆரம்பித்தான். பாதி செய்து அனுப்புவான், பூபதி திருத்தம் சொல்வான். சந்தனம் இன்னும் தடிப்பாக. புகை இன்னும் கொஞ்சம் கறுப்பாக. நிஜத்தில் பேர்ப்பலகை இருக்கத்தான் இருந்தது. இருந்தாலும் நம்ம வழக்கப்படி அதைக் கழற்றிவிடு, நாலு ஓட்டை போடு. ஒரு வருஷத்துக்கு மேல் இதே வேலை. எஞ்சின் முடிந்ததும் முழுப்பாதையையும் எல்லோருக்கும் கொடுத்துவிடுவது என்று பேச்சு. குழுவில் பூபதியைக் கேலி செய்யாத ஆளில்லை. பழைய இரும்புக்கடைக்காரன் என்றுகூடப் பெயர் வைத்திருந்தார்கள். இந்த எஞ்சின் வந்து நிற்கட்டும், அப்புறம் பேசுகிறேன் என்று காத்திருந்தான். வெள்ளாமை எடுக்கிறவன் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தான்.

ஓண விடுமுறைக்கு முன்னால் ஒரு நாள், செய்து முடித்து வந்துவிட்ட அந்த எஞ்சின் முதலமடை ஸ்டேஷனில் மாங்காய்ப் பெட்டிகளோடு நிற்கிற படத்தைப் பூபதி குழுவில் போட்டான். கீழே எழுதினான்: 'எங்க மூணாவது எஞ்சின். நான் கண்டுபிடிச்சது, தம்பி அருண்பாண்டி செஞ்சது.'

முதல் பதில் கொல்லங்கோட்டு ஜிதினிடமிருந்து வந்தது. கல்லூரி முடித்துவிட்டு ஊரைச் சுற்றுகிற ஆள், ஆனால் உலகத்தில் எந்த மூலையில் புது எஞ்சின் வந்தாலும் முதலில் பார்த்துவிடுவான்.

'அண்ணா, இது அருணோட எஞ்சின் அல்லே? போன வாரமே வந்தாச்சே.'

கூடவே ஒரு இணைப்பு. பூபதி அதைத் தொட்டான். அவன் எட்டிப் பார்க்காத ஒரு தளம். அதில் 'மூணாறு மலை ரயில்' என்று ஒரு பாதை. தேயிலைச் சரிவில், மேகத்துக்கு நடுவில், பச்சையும் வெள்ளையும் பூசிக்கொண்டு அவனுடைய எஞ்சின் ஏறிக்கொண்டிருந்தது. சந்தனம் இல்லை. துரு இல்லை. ரிசார்ட் வாசலில் நிறுத்துகிற கார் மாதிரி மின்னியது. பக்கவாட்டில் புதுப் பேர்ப்பலகை. அதன் விளிம்புக்கு வெளியே, மறைக்க மறந்துபோன நாலு போல்ட் ஓட்டை.

கீழே குறிப்பு: 'பள்ளிவாசல் அருகே ஒரு பழைய ஷெட்டில் கைவிடப்பட்டுக் கிடந்த இந்த எஞ்சினை நான் கண்டெடுத்தேன். முழு வடிவமைப்பு, ஆராய்ச்சி: அருண்பாண்டி.'

பூபதி அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பள்ளிவாசலில் எங்கேயடா ஷெட்டு? குளவி உன்னையா கொட்டியது? போன் போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான். எடுக்கவில்லை.

அதற்குள் குழுவில் ஊர்ப்பஞ்சாயத்து கூடிவிட்டது. அருணுடைய எஞ்சினை எடுத்துத் துரு பூசித் தன்னுடையது என்கிறாரே என்று ஒருவன். பழைய இரும்புக்கடைக்காரர் இப்போது திருட்டு இரும்பும் வாங்க ஆரம்பித்துவிட்டாரா என்று இன்னொருவன். அதற்குச் சிரிப்புப் படங்கள் வரிசையாக. பூபதி நீளமாக எழுதினான். உர ஆலை, சென்னியப்பன், டேப் அளவு எல்லாம் சொன்னான். 'அந்த நாலு ஓட்டை எதுக்குன்னு அவனைக் கேளுங்க. அது எங்க ஊட்டு வழக்கம்' என்று எழுதினான். நாலு ஓட்டைக்கு இவ்வளவு பெரிய கதையா என்று மறுபடியும் சிரித்தார்கள்.

குழுவை நடத்துகிற ஷைஜு பக்கத்துச் சித்தூர்க்காரர், நிதானமான ஆள். அவர் தனியாகக் கூப்பிட்டார். "பூபதி, ஒரிஜினல் போட்டோ ஏதும் கையில் இருக்கா? அளவெடுத்தது?"

"போட்டோவும் அளவும் அவன்கிட்டத்தான் இருக்குதுங்க. அவனோட பேசுனதெல்லாம் இருந்த என்ர பழைய போனும் ரிப்பேராயிப் போச்சு. எஞ்சினையும் உடைச்சுட்டாங்க, காவலுக்கு இருந்தவரும் எங்க போனாருன்னு தெரியலீங்க."

"அப்ப, அருணே வந்து பறஞ்சாத்தான் உண்டு" என்றார்.

திருடியவன் வந்து சொன்னால்தான் திருட்டுக் கொடுத்தவன் திருடன் இல்லை என்று ஆகும். நன்றாக இருக்கிறதா நியாயம்? பூபதி அன்று தோப்புக்குப் போகவில்லை. மோட்டார் போட ஆள் வந்து கூப்பிட்டான், நாளைக்குப் பார்க்கலாம் என்று துரத்திவிட்டான். கௌசிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ரயிலும் தெரியாது எஞ்சினும் தெரியாது. புருஷன் முகம் தெரியும்.

"ஏனுங்க, தம்பி அப்படியெல்லாம் பண்ணாதுங்க. ஏதோ விவரம் இருக்கும். போன்ல பேசி வேலைக்காகாது. நேர்ல போய்க் கேட்டுப்போட்டு வாங்க."

"என்னன்னு கேக்கறது?"

"ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. எங்கண்ணன் கண்டுபிடிச்சதுன்னு. அதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

நிஜம்தான். அதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை அவனுக்கு. எஞ்சினை அருணே வைத்துக்கொள்ளட்டும், மலையில் ஓட்டட்டும், பச்சை பூசட்டும், பட்டுச்சேலை கட்டட்டும். கண்டுபிடித்தது பூபதி என்கிற ஒரு வரி போதும். குழுவில் தலை நிமிர்ந்து இருக்கலாம். அதைவிட முக்கியம், தம்பி மறுபடியும் தம்பியாகிவிடுவான்.

உடுமலைப்பேட்டையில் பஸ் ஏறி, சின்னாறு காட்டைத் தாண்டி மறையூர், மூணாறு என்று போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்துப் பள்ளிவாசலில் இறங்கும்போது மதியம் ஆகிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. வழிநெடுக என்னென்னவோ பேசிப் பார்த்து வைத்திருந்தான். 'ஏன்டா இப்படிப் பண்ணுனே' என்று ஆரம்பித்து, சட்டையைப் பிடிப்பது வரைக்கும் ஒத்திகை நடந்திருந்தது. எஸ்டேட் லயத்து வரிசைவீட்டில் கதவைத் திறந்தது சாந்தம்மாள்.

"அட, வாங்க தம்பி! மழையில இப்படி நனைஞ்சுட்டு வந்திருக்கியளே. புள்ள சுகமா? கௌசிகா சுகமா? அருணு உள்ளதான் இருக்கான்" என்று துண்டை எடுத்துக் கொடுத்தாள். ஒத்திகை எல்லாம் போயிற்று. பெற்றவள் எதிரில் எப்படிச் சட்டையைப் பிடிப்பது?

அருண்பாண்டி எழுந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. "வாங்கண்ணே" என்றான். சாந்தம்மாள் கப்பைக்கிழங்கு வேகவைக்க அடுப்படிக்குப் போகிற வரைக்கும் இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

"அருணு" என்றான் பூபதி, சத்தத்தை அடக்கிக்கொண்டு. "பள்ளிவாசல்ல எந்த ஷெட்டுல கண்டெடுத்தே?"

அருண்பாண்டி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அந்தப் படிக்கட்டுல உக்காந்து ஒண்ணாச் சோறு தின்னோமே, அதுவாச்சும் ஞாபகமிருக்குதா? எனக்கு என்ன பேரு வச்சிருக்கறாங்க தெரியுமா? திருடன்னு சொல்றாங்கடா. உன்ர எஞ்சினைத் திருடிப்போட்டேனாம்!"

"நான் அப்படிச் சொல்லலண்ணே."

"நீ வாயைத் தொறக்கவே இல்லியே! அதுதான்டா வலிக்குது."

அருண்பாண்டி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திடீரென்று நிமிர்ந்தான். "அண்ணே, ஒண்ணு கேக்கேன். மலைக்கு ஒரு பாதை போடலாம்னு எத்தனை தடவை உங்ககிட்ட கேட்டேன்?"

பூபதிக்குப் புரியவில்லை. "அது எதுக்கு இப்ப? நம்ம எஞ்சின் இந்த ஏத்தத்துல ஏறாது. பிரேக் நிக்காது. ஏழைக் கம்பெனி மலையில பாதை போடாது. அது நடக்கற காரியமில்லைன்னு அப்பவே சொன்னேன்ல?"

"உங்க தோப்பைச் சுத்தி ஓடுற ரயிலு நடக்கிற காரியம். எங்க மலையில ஏறுற ரயிலு மட்டும் நடக்காத காரியமாண்ணே? ரெண்டுமே இல்லாத ரயிலுதானே?" அருண்பாண்டியின் குரல் உடைந்தது. "ராத்திரி பகலா செஞ்சது நான். துருவு இன்னும் கொஞ்சம், புகை இன்னும் கொஞ்சம்னு நீங்க சொல்லிக்கிட்டே இருந்தீங்க. ஒருநாளாவது எங்க ஊரு பேரு ஒரு ஸ்டேஷன்ல வந்துச்சா?"

பூபதிக்குக் கோபம்தான் வந்தது; அந்தக் கோபத்துக்குள்ளே எங்கேயோ ஒரு முள்ளும் இருந்தது. கேட்டிருந்தான், நிஜம்தான். ஒவ்வொரு தடவையும் சிரித்துத் தட்டிவிட்டதும் நிஜம்தான். அதற்காக? ஒரு ஸ்டேஷன் பெயருக்காக ஒருத்தன் முதுகில் குத்துவானா?

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா" என்றான். "எஞ்சினையும் குடுத்திருப்பேன். எடுத்துக்கோ, மலையில ஓட்டு. நானொண்ணும் கேக்கல. அதைக் கண்டுபிடிச்சது நானுன்னு ஒரே ஒரு வரி எழுது. அந்தக் குழுவுல எழுதுனாப் போதும்."

சாந்தம்மாள் கிழங்கும் மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னல, அண்ணன் என்னமோ கேக்காவ, பேசாம இருக்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா." அருண்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எழுதிருதேண்ணே. இன்னைக்கே எழுதிருதேன். தப்புத்தான். மன்னிச்சிருங்க."

அவ்வளவுதான். பூபதிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவன் தோளைப் பிடித்து உலுக்கி, "போடா கிறுக்கா" என்றான். கிழங்கை வயிறு முட்டத் தின்றான். கிளம்பும்போது சாந்தம்மாள் எஸ்டேட் தேயிலை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அருண்பாண்டி குடை பிடித்துக்கொண்டு பஸ் ஏறுமிடம் வரைக்கும் கூடவே வந்தான்.

திரும்புகிற பஸ்ஸில் பூபதி வேறு ஆளாக உட்கார்ந்திருந்தான். கோபம் எல்லாம் கரைந்து, வெட்கம்கூட வந்துவிட்டது. பாவம், பையன் ஒரு மலைப்பாதைக்கு ஆசைப்பட்டிருக்கிறான். போட்டால்தான் என்ன? மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஏற்றத்துக்கு ஒரு எஞ்சின் பற்றாது. ஏதாவது கல் குவாரி மூடியிருந்தால் அவர்கள் கழித்த குட்டி எஞ்சின் இரண்டு கிடைக்கும். முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டினால், மூன்றே பெட்டியோடு மெதுவாக ஏறிவிடும். குவாரி எஞ்சினென்றால் பிரேக் நன்றாக இருக்கும், சரிவிலேயே வேலை பார்த்துப் பழகியிருக்கும். விற்ற காரணம்? கல் தீர்ந்துபோயிற்று. அதைவிட நல்ல காரணம் எங்கே கிடைக்கும்! கடைசி ஸ்டேஷனுக்குப் பள்ளிவாசல் என்றே பெயர் வைத்துவிடலாம். தம்பியிடம் இப்போதே சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தான். மறையூர் தாண்டிவிட்டது, காட்டுக்குள் டவர் இல்லை. சரி, ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டான். யானை நிற்கிறது என்று பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். அவன் மட்டும் குவாரி எஞ்சினுக்கு என்ன நிறம் பூசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

அமராவதிப் பக்கத்துச் செக்போஸ்டில் பஸ் நின்றபோது டவர் வந்தது. மடியில் கிடந்த போன் நிற்காமல் அதிர்ந்தது. குழுவில் ஏகப்பட்ட செய்தி. எழுதிவிட்டான்! பூபதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மேலே தள்ளித் தள்ளிப் போய் அருண்பாண்டி எழுதியதைக் கண்டுபிடித்தான்.

'நண்பர்களுக்கு வணக்கம். பூபதியண்ணன் இன்று என் வீடு தேடி வந்து பேசினார். அவர் எனக்கு அண்ணன் மாதிரி. என்னுடைய எஞ்சினைக் கோவிந்தாபுரம் பாதையில் ஓட்டிக்கொள்ள அவருக்கு முழுமனதோடு அனுமதி கொடுத்திருக்கிறேன். அதனால் இனிமேல் யாரும் அவரைத் தவறாகப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.'

பூபதி படித்தான். மறுபடியும் படித்தான். மூன்றாவது தடவை படிக்கும்போது எழுத்து கலங்கியது.

கீழே கை கூப்பிய படங்கள், பூச்செண்டுகள். 'அருணுக்குப் பெரிய மனசு.' 'இந்தக் காலத்தில் யார் இப்படி விட்டுக்கொடுப்பார்கள்.' ஜிதின் எழுதியிருந்தான்: 'பூபதியண்ணா வீடு வரைக்கும் போய் மன்னிப்புக் கேட்டதும் நல்ல காரியம்.' கடைசியாக ஷைஜு: 'பிரச்சினை தீர்ந்தது. பூபதி, ஒரு நன்றி சொல்லிடு, முடிச்சுக்கலாம்.'

அவன் எழுத ஆரம்பித்தான். நான் அனுமதி கேட்கப் போகவில்லை என்று எழுதினான். படித்துப் பார்த்தான். வீடு தேடிப் போய்க் கிழங்கு தின்றுவிட்டு வந்து, பஸ் இறங்குவதற்குள் பேச்சை மாற்றுகிற நன்றி கெட்டவன் எழுதுகிற மாதிரியே இருந்தது. அழித்தான். அருண் அழுதான், தப்பு என்று சொன்னான், அவன் அம்மாவைக் கேளுங்கள் என்று எழுதினான். அதையும் அழித்தான். காலையில் பூபதி வெறும் திருடன். திருடன் என்றால் இல்லையென்று சண்டை போடலாம். இப்போது மன்னிக்கப்பட்ட திருடன். இதற்கு எவனோடு சண்டை போடுவது?

அப்போது அருண்பாண்டியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது.

'அண்ணே, எழுதிட்டேன். இப்ப சந்தோஷம்தானே?'

பூபதி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கேலி செய்கிறானா? கேலி மாதிரி இல்லை. அதுதான் இன்னும் மோசம். அந்த எஞ்சின் தன்னுடையதேதான் என்று அவன் நம்ப ஆரம்பித்துவிட்டான். உர ஆலையும் சென்னியப்பனும் அவன் கணக்கில் இனி கிடையாது. பெரிய உபகாரம் ஒன்று செய்துவிட்டு, அண்ணன் மகிழ்ந்தாரா என்று உண்மையாகவே கேட்கிறான். பாவி, பாவி என்று பூபதி வாய்க்குள் முனகினான். பக்கத்து சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

போன் அடித்தது. கௌசிகா.

"எங்க வர்றீங்க? சாப்பிட்டீங்களா?"

"செக்போஸ்ட் வந்தாச்சு. சாப்பிட்டேன்."

"தம்பி என்ன சொல்லுச்சுங்க? எழுதறேன்னுச்சா?"

"எழுதிட்டான்."

"பாத்தீங்களா!" அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி. "நாந்தான் சொன்னேனே, தம்பி அப்படிப் பண்ணாதுன்னு. நீங்கதான் ரெண்டு நாளா சோறு திங்காம கிடந்தீங்க. என்னன்னு எழுதியிருக்குது? படிச்சுக் காட்டுங்க, கேக்கறேன்."

பூபதி போனைக் காதிலிருந்து எடுத்து அந்தச் செய்தியைத் திறந்தான். 'அனுமதி' என்கிற வார்த்தையிலேயே கண் நின்றது.

"ஏனுங்க? கேக்குதுங்களா?"

"கேக்குது" என்றான். "ஊட்டுக்கு வந்து படிக்கறேன்."